ஏஐ வந்தால் அக்கவுன்டன்ட் வேலை போய்விடுமா?

பில்லை போட்டோ எடுத்தால் சாப்ட்வேரே என்ட்ரி போடுகிறது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஏற்றினால் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ‘அப்போ நான் எதுக்கு?’ என்று கணக்குப் பிரிவில் இருக்கும் பலரும் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எந்த வேலை போகும்?

2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு வந்த இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. பில் போடும்போதே அரசு போர்ட்டலில் பதிவாகிறது. அதை மறுபடி டைப் செய்ய ஆள் எதற்கு? என்ட்ரி மட்டுமே தெரிந்தவர்களுக்கு இது நிஜமான ஆபத்துதான்.

எந்த வேலை நிற்கும்?

ஒரு கடை 1 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறது. 18% ஜிஎஸ்டி, அதாவது 18,000 ரூபாய். விற்றவர் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டாவிட்டால், மாதந்தோறும் 14-ம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அது இருக்காது. கடைக்காரர் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ‘பொருந்தவில்லை’ என்று சாப்ட்வேர் சொல்லிவிடும். ஆனால் விற்றவருக்கு போன் போடுவதா, அடுத்த பேமென்ட்டை நிறுத்திவைப்பதா? அதை மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று. முதலாளி தன் பயணத்துக்கு கம்பெனி பெயரில் கார் வாங்குகிறார். அதன் ஜிஎஸ்டி 2பி-யில் வந்துவிடும். ஆனால் பொதுவாக அதை எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், பின்னால் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். ‘சார், இதை எடுக்கக் கூடாது’ என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

என்ன கத்துக்கணும்?

* எக்செல்லில் பைவட் டேபிள், பவர் கொயரி. மாதாமாதம் செய்யும் ஒப்பீட்டு வேலை குறையும்.

* சட்ட மாற்றங்கள். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு சாப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும்; அதை அணைக்கக் கூடாது. ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற பழக்கம் இனி உதவாது.

* பணப்புழக்கம். லாபம் இருந்தும் சம்பளம் போடக் காசில்லாத நிலை ஏன் வருகிறது என்று முதலாளிக்குப் புரியும்படி சொல்லப் பழகுங்கள்.

ஏஐ-யையும் பயன்படுத்துங்கள். ஆனால் அது சொல்லும் சட்டப் பிரிவை ஒருமுறை சரிபாருங்கள். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லப்போவது சாப்ட்வேர் இல்லை, நீங்கள்தான்.