உங்களுக்குத் தெரியுமா? ஒரு சாலை, நான்கு பிரளயங்கள்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், முன்னாளில் பிட் வீதி எனப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலும் அதன் அண்டையிலும் உலவுபவர், 1801-இல் தோன்றிய அப்பள்ளிவாசல், 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், 1833-இல் அமைந்த மகாமாரியம்மன் ஆலயம், சீனரின் குவான் யின் கோயில் ஆகிய நான்கையும் சில நிமிஷ நடையிலேயே தரிசித்துவிடலாம். அந்நான்கு மரபுகளுக்கும் ஜலப்பிரளய விருத்தாந்தம் உண்டு.

விவிலியத்தில் நோவாவின் பேழை அரராத் மலைகளிலும், திருக்குர்ஆனில் நூஹ் நபியின் கப்பல் ஜூதி மலையிலும் தங்க, பாகவத புராணத்திலோ, கிருதமாலா நதியில் தர்ப்பணம் செய்த திராவிட மன்னன் சத்தியவிரதனின் கரத்தில் அகப்பட்ட சிறு மீன், மகாமச்சமாய் வளர்ந்து, வாசுகியைக் கயிறாகக் கொண்டு அவனது ஓடத்தை இழுத்துக் காக்கிறது.

சீனரின் தொன்ம நாயகன் மகா யூ என்பவனோ, ஓடத்தை நாடாமல், தன் தந்தை அணையிட்டும் அடங்காத வெள்ளத்தைக் கால்வாய்கள் வெட்டிக் கடலுக்கு வடித்தான்.