இயற்பியல் இல்லை, லத்தீன் இல்லை, ஜிம் இல்லை... பள்ளியையே வெளிநடப்பு செய்யவைத்த 16 வயது பார்பரா!

1951, ஏப்ரல் 23. திங்கட்கிழமை காலை. அமெரிக்காவின் விர்ஜீனியா மாகாணத்தில் இருக்கும் சின்ன ஊரான ஃபார்ம்வில்லில், ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸுக்கு ஒரு போன் வந்தது. 'உங்கள் பள்ளிப் பிள்ளைகள் பஸ் ஸ்டேஷனில் போலீஸிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்' என்றது எதிர்முனை. பதறிப்போய்க் கிளம்பினார் அவர்.

அவர் தலை மறைந்ததுமே எல்லா வகுப்புகளுக்கும் துண்டுச்சீட்டு போனது. எல்லோரும் உடனே ஆடிட்டோரியத்தில் கூட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்வதுபோல எழுதப்பட்டிருந்தது. 450-க்கும் மேற்பட்ட மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேடைத்திரை விலகியது. அங்கே நின்றது 11-ம் வகுப்பு மாணவி பார்பரா ஜான்ஸ். போனும் பொய், சீட்டும் பொய். ஆனால், அவர் பேசிய விஷயம் அத்தனையும் நிஜம்.

கறுப்பின மாணவர்களுக்காக 1939-ல் கட்டப்பட்ட பள்ளி அது. 180 பேருக்கான இடம். கூட்டம் பெருகியதும் பள்ளி நிர்வாகக் குழு புதுக் கட்டடம் கட்டவில்லை. மரச்சட்டங்களில் தார்க் காகிதத்தைச் சுற்றி மூன்று கொட்டகைகளைப் போட்டுக்கொடுத்தது. பார்ப்பவர்கள் 'கோழிக்கூண்டு' என்று சிரித்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வேர்க்கும். தள்ளி உட்கார்ந்தவர் கோட்டைக் கழற்றாமல் பாடம் கேட்பார். ஆடிட்டோரியத்திலேயே ஒரே நேரத்தில் பல வகுப்புகள் நடக்கும். ஜிம் இல்லை, கேன்டீன் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி அறிவியல் ஆய்வகமும் இல்லை. இவை எல்லாமே அதே ஊரில் இருந்த வெள்ளையர் பள்ளியில் இருந்தன.

கட்டடமாவது கண்ணுக்குத் தெரியும் குறை. பாடப் பட்டியலில் இருந்த ஓட்டைதான் பெரியது. பின்னாளில் நீதிமன்றத் தீர்ப்பிலேயே அது பதிவானது. இயற்பியல், உலக வரலாறு, லத்தீன், மேல்நிலை டைப்பிங், சுருக்கெழுத்து, மர வேலை, இயந்திர வேலை, உலோக வேலை, வரைகலை... இவை எதுவும் மோட்டனில் கிடையாது. வெள்ளையர் பள்ளிகளில் உண்டு.

'டைப்பிங் இல்லாதது ஒரு குறையா?' என்று இன்று தோன்றலாம். அன்றைய அமெரிக்காவில் ஒரு பெண் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவாரா, யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்ப்பாரா என்பதை டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் தீர்மானித்தன. கல்லூரிக்குப் போக நினைப்பவர்கள் படிக்கும் பாடங்கள் லத்தீனும் இயற்பியலும். மெஷின் வேலை தெரிந்தால் தொழிற்சாலை. ஆக, எந்தப் பாடத்தைக் கொடுக்காமல் விட்டார்களோ, அந்தப் பிழைப்புக்கான கதவு அங்கேயே மூடிக்கொண்டது.

பார்பராவுக்கு இது உறைத்தது பாடத்தால் அல்ல, பாடத்துக்கு வெளியே நடந்தவற்றால்! பாட்டுக் குழு, நாடகக் குழு, மாணவர் மன்றம் என எல்லாவற்றிலும் இருந்தவர் அவர். நிகழ்ச்சிகளுக்காக வேறு ஊர்ப் பள்ளிகளுக்குப் போனபோதுதான் ஒரு பள்ளி எப்படி இருக்கலாம் என்று கண்ணால் பார்த்தார். இசை ஆசிரியை ஐனஸ் டேவன்போர்ட்டிடம் ஒருநாள் புலம்பினார். 'நீயே ஏதாவது செய்யேன்' என்பதுபோல அவர் கேட்ட ஒரு கேள்வி, பார்பராவின் மனதில் மாதக்கணக்கில் சுற்றியது. பெற்றோரும் தலைமையாசிரியரும் நிர்வாகக் குழுவின் வாசலில் ஏறி இறங்கி அலுத்துப்போயிருந்தார்கள். நம்பகமான சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாகத் திட்டம் போட்டார் பார்பரா.

அன்று மேடையில் அவர் பேசி முடித்ததும் மொத்தப் பள்ளியும் வெளியே நடந்தது. போராட்டம் இரண்டு வாரம் நீடித்தது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி-யின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் ஊருக்கு வந்தார்கள். பிள்ளைகள் கேட்டது நல்ல பள்ளிக் கட்டடம். 'இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பதே தவறு என்று வழக்கு போடச் சம்மதித்தால்தான் வருவோம்' என்றார்கள் வழக்கறிஞர்கள். ஊர் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது.

117 மாணவர்கள் சார்பில் வழக்கு பதிவானது. 1952-ல் வந்த தீர்ப்பு பாதி வெற்றிதான். பாடத்திட்டத்தை உடனே சமமாக்கச் சொன்ன நீதிபதிகள், பிரித்துவைப்பதில் தவறில்லை என்றும் சொன்னார்கள். மேல்முறையீட்டில், 'பிரவுன்' என்ற பெயரில் தொகுக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஒன்றானது இது. ஐந்தில், மாணவர்களே போராடித் தொடங்கிவைத்தது இது மட்டும்தான். 1954 மே 17 அன்று, அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம்.

பார்பரா அப்போது அந்தப் பள்ளியில் இல்லை. பாதுகாப்புக்குப் பயந்த பெற்றோர், அலபாமாவின் மான்ட்கோமரியில் பாதிரியாராக இருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். பள்ளிப் படிப்பை அங்கேதான் முடித்தார். 1955-ல் அவரது குடும்பத்தின் வீடு தீயில் எரிந்துபோனது. பின்னாளில் ஃபிலடெல்ஃபியாவில் நூலகராக வேலை பார்த்த அவர், 1991-ல் காலமானார்.

ஃபார்ம்வில் கதை அத்துடன் முடியவில்லை. ஊர் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி, கறுப்பினப் பிள்ளைகளோடு வெள்ளைப் பிள்ளைகள் உட்காரக் கூடாது என்பதற்காக 1959-ல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாரானது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். பலர் படிப்பையே விட்டார்கள். மறுபடி உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1964-ல்தான் அரசுப் பள்ளிகள் திறந்தன.

மோட்டன் பள்ளிக் கட்டடம் இப்போது மியூசியம். அந்த ஐந்து வருடங்களில் படிப்பை இழந்தவர்களுக்கு 2003-ல் கௌரவ டிப்ளமோ வழங்கப்பட்டது. பள்ளி மூடியபோது கடைசி வகுப்பில் இருந்தவர்களுக்கு அப்போது வயது 60-ஐத் தாண்டியிருந்தது.