பெங்களூரு மண்ணில் சரளைக்கல் ஏன்?

பெங்களூரு லால்பாக் பூங்காவிலுள்ள பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. பெங்களூருச் செம்மண் பெரும்பாலும் இந்த வகை நைஸ் பாறை சிதைந்து பிறந்ததுதான். மழைநீர் பட்டு, பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமம் களிமண்ணாகிறது. இரும்பு துருவேறிச் சிவக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் மசிவதில்லை. அஸ்திவாரம் தோண்டும்போது உள்ளங்கையில் குத்தும் வெள்ளைக் கல் அதுதான். பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராததால் முனை மழுங்கவில்லை.

லடாக்கின் லே பக்கத்துச் சரளை வேறு ரகம். பனியாறு அரைத்ததை உருகுநீர் உருட்டி வந்து கொட்டியது. வழியெல்லாம் மோதி மழமழப்பானது. அங்கே ஆண்டு மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். களிமண் உருவாவதே அரிது. பாய்ச்சிய தண்ணீர் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கிவிடும்.

பெங்களூருச் சரளை மண்ணும் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்காதுதான். நெல் கேட்கும் தேக்கம் மேட்டு நிலத்தில் நிற்காது. மானாவாரிக் கேழ்வரகுக்கோ அந்த வடிகால்தான் வசதி.