29 கிலோ மீட்டருக்கு 10 ரூபாய்! 2 கிலோ மீட்டருக்கு 20 ரூபாய்! வேலைக்குப் போகிறவர்களின் கையைக் கடிப்பது எது?

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷன் வரை சுமார் 29 கிலோ மீட்டர். டிக்கெட் 10 ரூபாய்.

ரெயிலை விட்டு இறங்கி, 2 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் வேலை இடத்துக்கு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் 20 ரூபாய்!

சென்னையில் கார் இல்லாமல், ஸ்கூட்டர் இல்லாமல், எண்ணி வைத்த காசோடு வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை விரல் விட்டே சொல்லி விடுவார்கள். பெரிய தூரம் அவர்களைப் படுத்துவதில்லை. வீட்டில் இருந்து பஸ் நிறுத்தம் வரை, ஸ்டேஷனில் இருந்து கம்பெனி கேட் வரை இருக்கிற சின்னத் தூரம்தான் சம்பளத்தைக் கொறிக்கிறது.

எலி மாதிரி! சத்தமே கேட்காது. மாதக் கடைசியில்தான் மூட்டையில் ஓட்டை தெரியும்.

ஆயிரம் ரூபாய் ஓட்டை

காலையில் ஷேர் ஆட்டோ 20 ரூபாய். மாலையில் 20. மாதம் 26 நாள் வேலை என்றால் ரூ.1,040 ஆகிறது.

மாநகர போக்குவரத்துக் கழகத்தில் ரூ.1,000 கொடுத்தால் ஏ.சி. இல்லாத பஸ்களில் மாதம் முழுவதும் எங்கே வேண்டுமானாலும் போய் வர பாஸ் தருகிறார்கள். திருவொற்றியூரில் ஏறி, தாம்பரம் போய், அங்கிருந்து அம்பத்தூர் போனாலும் கேள்வி இல்லை. ஊர் முழுவதும் சுற்றுவதற்கு ஆயிரம் ரூபாய். ஸ்டேஷனில் இருந்து கம்பெனி வரை போய் வர ஆயிரத்து நாற்பது!

ஷேர் ஆட்டோக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. பஸ் நுழையாத தெருவுக்கு அவர்தான் வருகிறார். "ஏறுங்க சார், இன்னும் ஒரு ஆள்தான்" என்று சொல்லிச் சொல்லி நாலு ஆளை ஏற்றுவார். மழை பிடித்துக் கொண்டால் ரேட்டும் ஒரு படி ஏறும். மீட்டர் ஏது, கேட்பதற்கு?

இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் 2013-ம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் சிற்றுந்துகள் விடப்பட்டன. பெரிய பஸ் திரும்ப முடியாத உள்தெருக்களுக்குள் புகுந்து, மெயின் ரோட்டிலும் ஸ்டேஷனிலும் ஆட்களைக் கொண்டு வந்து விடுவது இதன் வேலை. சிற்றுந்து ஒழுங்காக வருகிற பேட்டைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்களுக்கு நடராஜா சர்வீஸ்தான்!

சீசன் டிக்கெட்

கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ம் ஆண்டில். அப்போது மீட்டர் கேஜ் பாதை. 2004-ம் ஆண்டோடு அந்தப் பழைய ரெயில் ஓய்ந்து, அகலப் பாதையில் ரெயில்கள் ஓடுகின்றன. இத்தனை வருஷத்தில் எத்தனையோ விலை ஏறியும், குறைந்தபட்சக் கட்டணம் இன்றைக்கும் 5 ரூபாய்தான். 2025-ம் ஆண்டில் ரெயில் கட்டணத்தை உயர்த்தியபோதும், புறநகர் ரெயிலிலும் சீசன் டிக்கெட்டிலும் கை வைக்கவில்லை.

தாம்பரத்தில் இருந்து தினமும் போய் வருகிறவருக்கு 20 ரூபாய். 26 நாளுக்கு 520 ரூபாய். சீசன் எடுத்தால் இதில் பாதி கூட ஆகாது! அப்படியும், "மாச ஆரம்பத்துல மொத்தமா எங்கே சார் எடுக்கிறது?" என்று தினமும் கவுண்டரில் நிற்கிறவர்கள் உண்டு. மொத்தமாகப் பணம் இல்லாதவருக்கு எல்லாமே விலை கூடுதல்தான். அரிசியில் இருந்து ரெயில் வரை அதே கதை.

இதில் சிலர் டிக்கெட்டே எடுக்காமல் பிளாட்பார ஓரமாக நழுவப் பார்க்கிறார்கள். பிடிபட்டால் டிக்கெட் பணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்! சீசன் காசு ஒரே நிமிடத்தில் போய்விடும். பரிசோதகர் முன்னால் கையைப் பிசைந்து கொண்டு நிற்கும் அவமானம் தனி.

2025-ம் ஆண்டு ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் ஏ.சி. மின்சார ரெயிலும் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் ரூ.35. வேர்வையில் நனைந்து நிற்கிற கூட்டம் அதை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறது. மெட்ரோ ரெயில் விஷயமும் அப்படித்தான். குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். செல்போனில் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. அவசரத்துக்குக் கை கொடுக்கும். தினமும் போய் வர எல்லாருக்கும் கட்டுப்படி ஆவதில்லை.

வீடு அங்கே, வேலை இங்கே

கணக்கு ரொம்பவும் இடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம்.

கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டு இருந்தவர்களை 2000-ம் ஆண்டு வாக்கில் இருந்து கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு செம்மஞ்சேரி. 2015-ம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்கு மாடிக் குடியிருப்புகளுக்குப் போயின. கோட்டை, சென்டிரல் பக்கம் இருந்து பார்த்தால் பெரும்பாக்கம் 25 கிலோ மீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கிறது.

வீடு போயிற்று. வேலை போகவில்லையே! பாத்திரம் தேய்க்கிற வீடு மயிலாப்பூரில். சமையல் வேலை ஆழ்வார்பேட்டையில். ஆபீஸ் பெருக்குகிற வேலை தியாகராயநகரில். முன்பு சேலையை உதறிக் கட்டிக் கொண்டு பத்து நிமிஷத்தில் நடந்து போனவர்கள், இப்போது இருட்டோடு எழுந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள்.

காலை 6 மணிக்கு எஜமானி அம்மா கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். அரை மணி பிந்தினால் ஒரு நாள் பேச்சு. நாலு நாள் பிந்தினால் "வேற ஆளு பார்த்துட்டோம்மா" என்று சொல்லி விடுவார்கள். மூன்று வீட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரு வீடு போனால் மாதம் 2 ஆயிரம், 3 ஆயிரம் போன மாதிரி.

வெள்ளை போர்டு

அந்த நிறுத்தத்தில் காலையில் கேட்கிற முதல் பேச்சே, "என்ன போர்டுன்னு பாருடி" என்பதுதான்.

2021-ம் ஆண்டு மே 8-ந் தேதியில் இருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வெள்ளை போர்டு பஸ்சா, ஏறலாம்! பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இந்தச் சலுகை கிடைத்தது. தூரத்தில் வரும்போதே தெரியட்டும் என்று 2022-ம் ஆண்டில் இந்த பஸ்களின் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வர்ணம் அடித்தார்கள்.

இந்த இலவசப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் ஆகிறது என்று மாநில திட்டக் குழு ஆய்வில் தெரிய வந்தது. 888 ரூபாய் என்பது சிலருக்கு ஒரு வேளை ஓட்டல் பில். பெரும்பாக்கத்தில் அது கேஸ் சிலிண்டர்; பையனுக்கு நோட்டுப் புத்தகம்.

ஆனால் சங்கதி இங்கேதான் இருக்கிறது. இலவசம் என்பது பஸ்சில் இருக்கிறது. பஸ் நேரத்துக்கு வர வேண்டும்! வெள்ளை போர்டு வராமல் டீலக்ஸ் பஸ் வந்து நின்றால், நெஞ்சுக்குள் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஏறினால் ஒரு தடவைக்கே 20, 30 என்று போகும். ஏறாவிட்டால் அடுத்த வெள்ளை போர்டு எப்போதோ? வேலை போகுமா, காசு போகுமா என்று அரை நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும். டிரைவர் அதற்கு மேல் நிறுத்த மாட்டார்.

அனுபவப்பட்டவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மயிலாப்பூருக்கு நேர் பஸ்தான் வேண்டும் என்று தவம் கிடப்பதில்லை. திருவான்மியூர் பக்கம் போகிற எந்த வெள்ளை போர்டானாலும் ஏறி விடுவது. அங்கே இறங்கி பறக்கும் ரெயில். மயிலாப்பூருக்கு 5 ரூபாய்தான். வழியில் சிக்னலும் கிடையாது, டிராபிக்கும் கிடையாது. என்ன, அந்த ஸ்டேஷன் படிக்கட்டுகள்தான் முழங்காலை ஒரு கை பார்த்து விடும்.

செல்போன் வைத்திருக்கிற வீடுகளில் இன்னொரு உதவியும் உண்டு. 2025-ம் ஆண்டு செப்டம்பரில் வந்த "சென்னை ஒன்று" செயலியில் பஸ், மின்சார ரெயில், மெட்ரோ மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். பஸ் எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். அம்மா அடுப்பை அணைக்கும் நேரத்தில், பள்ளிக்கூடம் படிக்கிற மகள் போனைப் பார்த்து, "இப்பதான்மா கிளம்பிச்சு, மெதுவா போ" என்கிறாள். அந்தப் பத்து நிமிஷம் பெரிய புண்ணியம்!

ஆம்பிளைக்கு டிக்கெட்

மனைவிக்கு இலவசம். பக்கத்தில் நிற்கிற புருஷனுக்கு டிக்கெட். குறைந்தது 5 ரூபாய். கொத்து வேலைக்குப் போகிறவர், கடையில் மூட்டை தூக்குகிறவர் எல்லாருக்கும் இதே கதி. இன்றைக்கு அண்ணாநகர், நாளைக்கு ஆவடி என்று வேலை இடம் மாறிக் கொண்டே இருக்கிறவர்கள் இவர்கள். எந்த இடம் என்றே தெரியாதபோது ரெயில் சீசன் எடுத்து என்ன செய்வது? இவர்களுக்கு ஆயிரம் ரூபாய் பாஸ் பொருந்தும். ஆனால் மாதம் முழுக்க வேலை கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? பத்து நாள் மழை பெய்தால் பாஸ் சட்டைப் பையில் தூங்கும்.

வாட்ச்மேன் வேலை பார்க்கிற பெரியவர்கள் கதை இன்னும் வேடிக்கை. 60 வயது தாண்டிய சென்னைவாசிகளுக்கு 2016-ம் ஆண்டில் இருந்து மாதம் 10 இலவச பஸ் டோக்கன் தருகிறார்கள். 6 மாதத்துக்கு 60 டோக்கன். கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக இது தாராளம். வேலைக்குப் போகிற கிழவருக்கோ மாதம் 52 தடவை பஸ் ஏற வேண்டி இருக்கிறது. 60 வயதுக்கு மேல் வேலைக்கும் போவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை போல் இருக்கிறது! இவர்கள் போகும்போது காசு கொடுத்து, ராத்திரி டியூட்டி முடித்துத் தள்ளாடி வரும்போது டோக்கனை நீட்டுகிறார்கள்.

மொபெட் ஆசை

"பேசாம ஒரு பழைய வண்டி வாங்கிடலாம்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் ஒரு நாள் எழும். 1980-ம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வந்ததில் இருந்தே இந்த ஆசை உண்டு. பால்காரரும் காய்கறிக்காரரும் அதிலேதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஆனால் 2021-ம் ஆண்டு ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. லிட்டர் 100 ரூபாய், 50 கிலோ மீட்டர் ஓடும் என்றே வைத்துக் கொள்ளலாம். 25 கிலோ மீட்டர் போய், 25 கிலோ மீட்டர் வந்தால் தினம் 100 ரூபாய். மாதம் 2,600! இதில் இன்சூரன்ஸ், பஞ்சர், தவணை எதுவும் சேரவில்லை. ஆயிரம் ரூபாய் பாசுக்கு முன்னால் இது நிற்காது.

ஒரே பக்கம் போகிற இரண்டு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு 1,300. அப்போது பரவாயில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து, பஸ்சும் ரெயிலும் இல்லாத நேரத்தில் வருகிறவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் கம்பெனி பஸ் விடுகிறார்கள். அதில் இடம் கிடைத்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வேலை தேடுகிற பையன்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே, "பஸ் இருக்கா சார்?" என்று கேட்கிறார்கள். விவரமான கேள்வி!

சைபர் டிக்கெட்

வெள்ளை போர்டு பஸ்சில் கண்டக்டர் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத ஒரு சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். கூட்டத்தில் பலர் அதை வாங்குவதே இல்லை. "ஓசிதானே, சீட்டு எதுக்கு?" என்று ஒதுங்கி விடுகிறார்கள். சிலர் வாங்கி, ஜன்னல் வழியாகப் பறக்க விடுகிறார்கள்.

அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் கணக்கே இருக்கிறது. காலை 5 மணி டிரிப்பில் எத்தனை பெண்கள் ஏறினார்கள், எந்த நிறுத்தத்தில் ஏறினார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. சீட்டு கிழியாவிட்டால், காகிதத்தில் அந்த பஸ் காலியாக ஓடியதாக ஆகி விடும். காலியாக ஓடுகிற டிரிப்பை வைத்துக் கொள்ளச் சொல்லி டெப்போவில் யாரிடம் போய் வாதாடுவது?

பெரும்பாக்கம் நிறுத்தத்தில் இது தெரிந்த அம்மாக்கள் சிலர் இருக்கிறார்கள். படிக்கட்டில் தொங்கிக் கொண்டு வந்தாலும், "சீட்டு குடு கண்டக்டரே" என்று கையை நீட்டாமல் விடுவதில்லை.