வாப்பும்மா ஏன் ஏசுவதில்லை?

அண்மையில் உறவினர் வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். மஃரிபுக்குப் பின் வழமைபோல் தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் மருமகளை வதைக்கும் அதே கதைதான். பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயதுப் பேத்தி திடீரெனத் திரும்பிக் கேட்டாள்: "வாப்பும்மா, நீங்களும் உம்மாட மாமிதானே? நீங்க ஏன் ஏசுறல்ல?"

எல்லோரும் சிரித்தோம். வாப்பும்மா மட்டும் சிரிக்கவில்லை.

பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. வயது முதிர்ந்த பெண்ணுக்குத் திரை நெடுங்காலமாக ஒதுக்கி வைத்தவை பெரும்பாலும் இரண்டே இடங்கள்: அழும் தாய், அல்லது சூழ்ச்சி செய்யும் மாமி. நடிகை ஸ்ரீவித்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். (மத்ரஸாவுக்குப் போகுமுன் நானும் சிறுவனாய் இருந்தவன்தான்!) 1975இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' ரஜினிகாந்தின் முதற்படம். அதில் அவர் ஸ்ரீவித்யாவைப் பிரிந்து சென்ற கணவர். 1989இல் 'மாப்பிள்ளை'யில் ஸ்ரீவித்யா அவருக்கு மாமியார். 1991இல் 'தளபதி'யில் பெற்ற தாய்! இத்தனைக்கும் ஸ்ரீவித்யா அவரைவிட இரண்டு வயதுக்கு மேல் இளையவர். பதினாறு வருடங்களுக்குப் பின்னும் ஆண் கதாநாயகன்தான். பெண்ணுக்கு மாத்திரம் ஒரு தலைமுறையே ஏறிவிட்டது.

பின்னர் சிறிது மாற்றம் வந்தது. 2012இல் 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில், பதினைந்து வருட இடைவெளிக்குப் பின் ஸ்ரீதேவி நடித்தார். வீட்டில் லட்டு செய்து விற்கும் ஒரு தாய். ஆங்கிலம் தெரியாத அவரைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லப் பெற்ற மகளே வெட்கப்படுகிறாள். அமெரிக்காவில் ஒரு கலியாணத்துக்காகச் சென்ற இடத்தில், அவர் யாருக்கும் சொல்லாமல் ஆங்கில வகுப்புக்குப் போகிறார். இயக்குநர் கௌரி ஷிண்டே தம் தாயை நினைத்து எடுத்த படம் அது. 2015இல் 'முப்பத்தாறு வயதினிலே' வந்தது. அதில் கணவனும் மகளும் ஜோதிகாவை விட்டுவிட்டு அயர்லாந்து போய்விடுகிறார்கள்.

படம் பாருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்விரு கதைகளிலும் கொடுமைக்கார மாமியார் இல்லை. முதற்கதையில் மாமியார்தான் அந்தத் தாய்க்கு ஆறுதல்! இளக்காரமாகப் பேசுவோர் கணவனும் பெற்ற பிள்ளையும். நம் வீடுகளில் "உங்களுக்கு ஒண்டும் விளங்காது உம்மா" என்ற பேச்சு எத்தனை தடவை கேட்கிறது!

தொலைக்காட்சி நாடகங்கள் இவ்வளவு மாறவில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள், வருடக்கணக்கில் ஓடவேண்டிய கதைக்குத் தீராத சண்டையொன்று தேவை. ஒரே கூரைக்குக் கீழுள்ள மாமியைவிட அதற்கு வசதியானவர் யார்?

அன்றிரவு வாப்பும்மாவிடம் அந்த ஆங்கில வகுப்புக் கதையைச் சொன்னேன்.

"நடிச்ச புள்ளைக்கு எத்தின வயசு?" என்று கேட்டார்.

"அப்ப நாற்பத்தொன்பது."

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு தம் மருந்துப் போத்தலை எடுத்துவந்து பேத்தியின் மடியில் வைத்தார். "இதில என்ன எழுதியிரிக்கிண்டு ஒவ்வொரு எழுத்தா சொல்லித் தா மகள்."