சங்கத்தில் சேர்ந்தால் தொழில் பழகுமா?

பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், அரியலூரில் முந்திரி. இரு மாவட்டங்களிலும் கறவை மாடு துணைத் தொழில். கடனும் மானியமும் வரும் என்றுதான் பலர் சங்கத்தில் பங்கு எடுக்கிறார்கள். அதோடு தொழிலும் கற்க முடியுமா?

பால் சங்கத்தில் கற்பது என்ன?

இங்குள்ள கிராமச் சங்கங்கள் நெடுங்காலமாகத் திருச்சி ஒன்றியம் வழியாக ஆவினுக்குப் பால் ஊற்றிவருகின்றன. அங்கே லிட்டர் கணக்கு மட்டும் போதாது. கொழுப்பும் இதர சத்தும் பார்த்துத்தான் விலை. கொழுப்பு இறங்கினால் பட்டுவாடாவில் தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் எப்படிக் கூடுகிறது என்ற கேள்வி, பசுந்தீவனத்தோடு சோளத்தட்டையும் போட வேண்டும் என்ற பாடத்தில் முடியும். ஆனால், விற்பனையும் விலையும் மேலேயே முடிவாவதால் வியாபாரம் பழக வாய்ப்பு குறைவு.

உற்பத்தியாளர் குழு எதில் வேறுபடுகிறது?

தமிழக அரசு 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நூறு சிறு, குறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. என்ன இயந்திரம் வாங்குவது, யாருக்கு முதலில், வாடகை எவ்வளவு என்பதையெல்லாம் குழுவே பேசி முடிக்க வேண்டும். தனி ஆள் துணியாத இயந்திரத்தை நூறு பேர் சேர்ந்து பரீட்சித்துப் பார்க்கலாம். நஷ்டம் வந்தாலும் ஒருவர் தலையில் விழாது.

இக்குழுக்கள் சேர்ந்து அமைக்கும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு 2002ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத் திருத்தம் வழிவிட்டது. விவசாயிகளே உறுப்பினர்களாக உள்ள நிறுவனத்தில் பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு வைப்பதா, அறுத்ததும் மண்டிக்கு ஏற்றுவதா என்ற கணக்கை இங்கே சேர்ந்து போடலாம். காய்ச்சல் குறைந்த வெங்காயம் பட்டறையில் அழுகும். விலை ஏறும்வரை வீட்டுச் செலவு காத்திருக்காது. அறுவடையன்றே முன்பணம் தர நிறுவனத்திடம் நடைமுறை மூலதனம் இல்லையென்றால், உறுப்பினரும் கையில் காசு தரும் வியாபாரியிடமே போவார்.

எங்கே தடுக்கிறது?

வாங்குவோரிடம் விலை பேசுவது, தரம் பிரிப்பது, வரவு செலவு எழுதுவது எல்லாம் இயக்குநர்கள் சிலரோடு நின்றுவிட்டால், மற்றவர்கள் பெயரளவில்தான் பங்குதாரர்கள். பொதுக்குழுவில் கணக்கை வரிவரியாக வாசித்து, உறுப்பினர்களை முறைவைத்து மண்டிக்கு அனுப்பும் சங்கத்தில்தான் அடுத்த தொழில்முனைவோர் உருவாவார்கள். பங்கு எடுக்குமுன் இந்த இரண்டும் நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.