கோடு கிளம்பிருச்சு!

"கோடு கிளம்பிருச்சு, ஓடி வாங்க!" டெக்னீஷியன் அக்கா கூப்பிட்ட வேகத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். இவ்வளவு நேரமும் திரையில் தரையோடு தரையாகக் கிடந்த பச்சைக் கோடு, இருபத்திரண்டாவது சுற்றில் தலையைத் தூக்கி விறுவிறுவென்று ஏறுகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ்! கண்ணுக்கே தெரியாத ஒன்று கண்ணெதிரே வளைந்து ஏறுகிறதே என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது.

காலையில் ஊதா மூடிக் குழாயில் வந்த ரத்தம் அது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நின்ற பிளாஸ்மாவை எடுத்து, வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதை டி.என்.ஏ.வாகப் படியெடுத்தார்கள். பிறகு சூடாக்கி ஆறவைத்து, சூடாக்கி ஆறவைத்து, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு! வைரஸ் நிறைய இருந்தால் கோடு சீக்கிரம் கிளம்பும். ஏறக்குறைய மூன்றேகால் சுற்று பிந்தினால் வைரஸ் பத்தில் ஒரு பங்குதான். ரியல் டைம் பி.சி.ஆர். என்பது இதுதான்.

இதற்கு முன்பிருந்த கிளை டி.என்.ஏ. சோதனையைப் பற்றி அக்கா சொன்னதும் எனக்கு இன்னும் குஷி. அது வைரஸைப் பெருக்கவே பெருக்காது. பிடித்து நிறுத்தி, அதன்மேல் கிளைகளை மாட்டி, கிளைதோறும் ஒளிரும் பொருளைக் கோத்துவிடும். திருவிழாவுக்கு வேப்பமரத்தில் சீரியல் லைட் போடுகிறோமே, அப்படி! மரம் ஒன்றுதான், வெளிச்சம் ஊருக்கே தெரியும். ஆனால், வெர்சன்ட் 3.0 என்ற அந்தச் சோதனைக்கு மில்லிக்கு 615 யூனிட்டுக்குக் கீழே போனால் எண்ண வராது. ஆம்ப்ளிகார் மானிட்டர் என்ற அந்தக் காலத்து பி.சி.ஆர். சோதனையோ 5 லட்சத்தைத் தாண்டினால் திணறும். பிளாஸ்மாவை நீர்க்கவைத்து மறுபடி ஓட்ட வேண்டும். இன்றைய கருவிகள் சுமார் 15 யூனிட்டிலிருந்து 10 கோடி வரை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடுகின்றன.

அந்த 'யூனிட்' பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்பெல்லாம் ஆளுக்கொரு கணக்கு. ஒரே ரத்தத்துக்குக் கம்பெனிக்கு ஒரு எண் வரும். 1997-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு பொது அளவுகோலை ஏற்றது: உறையவைத்து உலர்த்திய, வைரஸ் கலந்த பிளாஸ்மா. கரைத்தால் மில்லிக்கு 1,00,000 சர்வதேச யூனிட் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆக, ரிப்போர்ட்டில் வரும் எண் வைரஸ்களின் தலைக்கணக்கு அல்ல. வெர்சன்ட் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு 5.2 பிரதிகள்!

அளவுகோல் பொதுவானபிறகும் கருவிகள் முரண்டு பிடித்தன. டாக்மேன் என்ற ரியல் டைம் பி.சி.ஆர். சோதனையின் முதல் பதிப்பை 2007-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எகிப்தில் பெரும்பாலானோருக்கு இருக்கும் நான்காம் வகை வைரஸில், ஏறத்தாழ 30 சதவீத மாதிரிகளை அது குறைத்துக் காட்டியது. சில மாதிரிகளில் வைரஸே இல்லை என்றது! பின்னர் காரணத்தைத் தோண்டினால், வைரஸின் மரபு வரிசையில் 145, 165 ஆகிய இடங்களில் இரண்டே எழுத்து மாற்றம். இரண்டே எழுத்து! சோதனையின் தூண்டில் அங்கே கொக்கி மாட்டாமல் நழுவியிருக்கிறது. இரண்டாம் பதிப்பில் தூண்டிலைத் திருத்தினார்கள். இன்றும் இரண்டு லேப் ரிப்போர்ட்டில் 8 லட்சமும் 20 லட்சமும் வந்தால் பதறாதீர்கள், மும்மடங்குக்குள் இருக்கும் வித்தியாசத்தை மருத்துவர்கள் பெரிதாக எடுப்பதில்லை. தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரே முறையில் பார்ப்பது நல்லது.

அடுத்த குழாய். மாத்திரை முடித்து 12 வாரம் ஆன ஒருவருடையது. இருபது, முப்பது, நாற்பது என்று சுற்றுகள் ஓடுகின்றன. பச்சைக் கோடு அசையவில்லை. வைரஸ் இல்லை என்று நான் குதிக்கப் போனேன். "இருங்க, ஆரஞ்சைப் பாருங்க" என்றார் அக்கா. ஒவ்வொரு மாதிரியோடும் சேர்த்து விடும் கட்டுப்பாட்டு ஆர்.என்.ஏ.வின் கோடு அது. அது ஏறினால்தான் சோதனை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம்.

ஆரஞ்சு ஜம்மென்று ஏறியிருந்தது. பச்சை கடைசிச் சுற்றுவரை தரையில்தான்.

"இப்போ குதிங்க" என்றார் அக்கா.